உலைக்கு முன்னால் இருந்த தகரம்

இரண்டாக உடைந்த அந்த வார்ப்பிரும்பை, மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அண்ணன் என் மேசையில் வைத்தபோது, நான் இரும்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். மலைமேல் அரவேணுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர் என் பொறுப்பு. இலையை உலர்த்தும் டிரையருக்கு உலையின் சூடான காற்றைத் தள்ளுகிற பெரிய விசிறியைத் தாங்கும் பிராக்கெட் அது. அந்த மழைக்காலத்தில் மூன்றாம் முறையாக உடைந்திருந்தது. அத்தனை வருடம் உடையாதது இப்போது மட்டும் எப்படி உடையும்?

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் ஊற்றிய பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஆள் நான். பிராக்கெட் உடைந்தால் புதிது வாங்கிவரக் கோயம்புத்தூருக்கு அண்ணன்தான் போவார். மனைவியும் மகளும் அங்கேதான். போனால் இரண்டு நாள் கழித்துத்தான் மலையேறுவார். யாருக்கும் லீவு கிடைக்காத சீசன் வேறு. போதாதா எனக்கு?

"ஊட்டு நெனப்பு வந்தா இரும்பு ஒடையுதுங்களாண்ணா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அட, ஏனுங்க அம்முணி! ஓடற விசிறில யாராச்சும் கைய வெப்பாங்களா?" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. புது பிராக்கெட்டைச் சுத்தியலால் தட்டியபடி அவர் நிற்பதை ஒரு நாள் காலையில் பார்த்தேன். நேரே போய் மானேஜரிடம் சொல்லிவிட்டேன். அந்த வாரமே அவர் வேலை போனது.

அவர் போன பிறகும் அது உடைந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் உடைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "இது அடிச்சு ஒடைஞ்சதில்லீங்க. வெறும் ஆட்டத்த மட்டும்னா இந்த இரும்பு பல வருசம் தாங்கும். இவ்வளவு சூட்டுல வெச்சு நாளெல்லாம் ஆட்டுனா பலம் கொறைஞ்சு, மயிரிழையா விரிசல் விட்டு, ஒருநாள் பொட்டுனு போயிரும். சுத்தியல்ல தட்டிச் சத்தத்தக் கேட்டாத்தான் அந்த விரிசல் தெரியும்." பிறகு உலைக்கு முன்னால் வெறுமனே நின்ற சட்டத்தைக் காட்டினார். "இங்க ஒரு தடுப்புத் தகரம் இருந்திருக்குமே, யாரு கழட்டுனது?"

கழற்றச் சொன்னதே நான்தான். உலைக்கும் என் மேசைக்கும் நடுவில்தான் பிராக்கெட். மழை பிடித்ததும், பேனா பிடிக்க முடியாமல் விரல் விறைக்கிறது, கொஞ்சம் அனல் வரட்டும் அண்ணா என்று கெஞ்சினேன். பாவம், எனக்காகத்தான் கழற்றினார். மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

"பழைய பிட்டர்தாங்க கழட்டுனாரு" என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவரைத் திரும்பக் கூப்பிட இருந்த ஒரே வழியையும் நானே அடைத்தேன். தகரத்தை மறுபடி மாட்டினார்கள்.

போன மாதம் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவரே வந்து பேசினார். கேத்தியில் கேரட் கழுவும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறாராம். மகளைப் பற்றிக் கேட்டேன், நன்றாக இருப்பதாகச் சொன்னார். பஸ் வருகிற நேரம்.

"அந்தப் பிராக்கெட் இப்ப ஒடையறதில்லீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

பஸ் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அப்ப தகரத்த மாட்டிட்டாங்க. உங்க மேசைகிட்ட மறுபடியும் குளுருமேங்க அம்முணி."