என் வாயில் ஒட்டிய குரல்

சினிமாக்காரர்களுக்கு என்னைப் பார்த்ததும் இரண்டே யோசனைதான் வரும். ஒன்று, கை தட்டு. இரண்டு, ஆசீர்வாதம் பண்ணு. திருநங்கை என்றால் அவர்களுக்கு அவ்வளவுதான். எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கைதட்டல் எப்படி ஒலிக்கும் என்றே தெரியாது என்று எழுதிக் காட்டினால், "பரவாயில்லக்கா, பாக்க நல்லாருந்தா போதும்" என்று பதில் எழுதுவார்கள். அப்படிப் பல படங்களில் யாரோ ஒருவனுடைய கடைவாசலில் கை தட்டிவிட்டுப் போயிருக்கிறேன். மற்ற நாட்களில் குற்றாலத்துக் கடைகளுக்குப் போர்டு எழுதி, சுவரில் படம் வரைந்து வயிற்றைக் கழுவுகிறேன்.

அதனால்தான் போன சீசனில் வந்த வேடத்துக்கு ஏமாந்துபோனேன். ஐந்தருவியில் ரம்புட்டான் விற்கும் என் தோழியோடு நான் சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை ஒரு டைரக்டர் பார்த்திருக்கிறார். அவளும் திருநங்கை, காது கேட்பவள், எனக்காகவே சைகை கற்றவள். டைரக்டர் அவளிடம் காட்சியைச் சொன்னார். அண்ணன் குடும்பத்தோடு அருவிக்குக் குளிக்க வருகிறான். வீட்டைவிட்டுப் போன தங்கை அங்கே பழம் விற்கிறாள். அவனைப் பார்த்து, "அம்மா நல்லா இருக்காளா?" என்று கையால் கேட்கிறாள். படம் பார்ப்பவர்களுக்குக் கீழே எழுத்து வரும்.

எனக்கு உடனே என் அம்மாவின் முகம்தான் வந்தது. அம்மா புளியங்குடியில் என் அண்ணனோடு இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது சொற்பமான சாடைகள்தான். சாப்பிட்டாயா, தூங்கினாயா, உடம்புக்கு என்ன. அவ்வளவுதான் எங்கள் பேச்சு. என் கை ஒரு முழு பாஷை பேசும் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. திரையில் கையைப் பார்த்து, தனக்குத் தெரிந்த அரைகுறைப் படிப்பில் கீழே எழுத்தைக் கூட்டிப் படித்து, ஒரே ஒரு தடவை அவள் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

படப்பிடிப்பு எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மற்ற இடங்களில் 'ஆக்‌ஷன்' என்பதை எனக்குத் தெரிவிக்க ஒருவர் துண்டை வீச வேண்டும், அதற்கு முகம் சுளிப்பார்கள். அருவிக்கு முன்னால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. டைரக்டர் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் மொத்தப் பேருக்கும் துண்டைத்தான் வீசினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த வாய்தான் எனக்கு வினையாக வந்தது. நான் படித்த பள்ளியில் டீச்சரின் தொண்டையில் கை வைத்து, அவர் உதட்டைப் பார்த்து, அதேபோல் அசைக்கப் பழக்கினார்கள். குரல் வரவில்லை, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது. கை பேசும்போது என் உதடும் சேர்ந்து அசையும். மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்த டைரக்டர் கட்டை விரலை உயர்த்தினார். நடிப்பைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

படம் வந்ததும் அம்மாவை அழைத்து வந்து தென்காசித் தியேட்டரில் எனக்கும் தோழிக்கும் நடுவே உட்காரவைத்தேன். என் காட்சி வந்தது. திரை முழுக்க என் முகம். கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். கை இல்லை, எழுத்தும் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. முன் வரிசைத் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார்கள். தோழியைப் பார்த்தேன், அவள் என் பக்கம் திரும்பவில்லை.

வெளியே வண்டி ஸ்டாண்டில் நின்று, வார்த்தை மாறாமல் இருக்கட்டும் என்று சைகையை விட்டு, போனில் அடித்துக் காட்டினாள். வாயில் பேசுவதை அப்படியேதான் அடிப்பாளாம். "யக்கா, ஆம்பளக் குரல் போட்ருக்கானுவ. அம்மாவப் பத்தி ஒண்ணும் இல்ல. 'அண்ணே, ஏதாவது குடுத்துட்டுப் போண்ணே'ன்னு கேக்குத மாதிரி வச்சிருக்கானுவ."

அங்கேயே டைரக்டருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "சைகை ஜனங்களுக்குப் புரியாதுக்கா. உங்க லிப் சூப்பரா செட் ஆச்சு." புரியவைக்கத்தானே ஐயா என்னைக் கூப்பிட்டாய்?

போனிலிருந்து நிமிர்ந்தால் அம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் ஈரம். தோழியிடம் ஏதோ சொன்னாள். தோழி அதை அடித்தாள். "எம்புள்ள பேசிட்டாட்டி. சின்னதுல நேந்துக்கிட்டது வீண் போவலங்காவ."

அது என் குரல் இல்லை, பிச்சை கேட்கிற குரல் என்று சொல்லச் சொன்னேன். தோழி சொன்னாள். அம்மா என் தாடையை விடவில்லை. அவள் சொன்ன பதிலையும் தோழி அடித்துக் காட்டினாள். "என்ன கேட்டா என்ன? எம்புள்ள வாயிலேர்ந்துல்லா வந்துது."

டைரக்டர்மேல் வந்த கோபத்தை அவரிடம் காட்டிவிட்டேன். அம்மாமேல் வந்ததை எங்கே காட்டுவது? 'குரல்' என்பதற்கே எங்களுக்குள் ஒரு சாடை கிடையாது.

இந்த சீசனில் அதே டைரக்டர் மறுபடி கூப்பிட்டார். பெரிய வேடம், போன தடவை குரல் கொடுத்தவரே இதற்கும் கொடுப்பாராம். கை தெரியாவிட்டால் வரமாட்டேன் என்று அனுப்பினேன். அதோடு அந்த வேடம் போயிற்று.

ஆனால் அம்மா விடவில்லை. தினமும் வீடியோ காலில் வந்து தன் உதட்டைத் தொட்டு, புருவத்தை உயர்த்தி, மறுபடி எப்போது பேசுவாய் என்று கேட்கிறாள். இன்று காலை போனைச் சுவரில் சாய்த்துவைத்து, இரண்டு கையும் தெரியும்படி தள்ளி உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். அம்மா, நல்லா இருக்கியா?

அவள் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடியும் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.