எந்தக் குறிச்சி?

போன சனிக்கிழமை ஒரேயொரு சொல்லை மொழிபெயர்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சூட்டோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே குவேக்கர்ஸ் ஹில்லில், புலம்பெயர்ந்து வந்த நம்மவர்களின் மூத்தோர் ஒன்றுகூடல். பேச வந்தவர் மோரீன் — வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்பவர். அவருடைய பூட்டன் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். பூட்டன் பிறந்த இடத்தைப் போன வருடம் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அந்தக் கதையைத் தமிழில் சொல்ல என்னைப் பிடித்துவிட்டார்கள்.

முதல் வரியிலேயே சிக்கல். ‘டவுன்லேண்ட்’ என்றார் மோரீன். அதில் டவுனே கிடையாது. கிராமத்தை விடவும் சின்னது. சில வீடுகள், சில வயல்கள், அதற்கென்று ஒரு பேர். தமிழில் என்ன சொல்வது? நான் யோசிக்கவே இல்லை. “குறிச்சி” என்றேன்.

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

மோரீனின் குறிச்சிக்குப் பேர் நொக்னகீரா. ஐரிஷ் மொழியில் ‘செம்மறிக் குன்று’. நிலம் அளக்க வந்தவர்கள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்தார்கள். இன்று பலகையில் இருப்பது வெறும் சத்தம். வயல்களுக்கும் பேர் உண்டாம் — கன்றுத்துண்டு, ஈரக்காணி... நம் காணிகளுக்கு இருப்பதுபோலவே. குத்தகை கட்ட முடியாமல் போன ஒரு வருடம், நிலக்காரரின் ஆட்கள் வந்து கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். சனம் திரும்பி வந்து படுத்துவிடக் கூடாதாம்! சுவர்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே புல் முளைத்து, ஆடு மேய்கிறது.

முன்வரிசை அங்கிள் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உவங்களும் மனிசரே? குடியிருந்த சனத்தை இப்பிடியே கலைக்கிறது?”

பக்கத்தில் இருந்த அன்ரி உச்சுக்கொட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. நம்மாட்களின் மனசே தனி என்று நினைத்தேன்... மடையன்.

கேள்வி நேரம் வந்தது. அதே அங்கிள் எழும்பினார். மோரீனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“தம்பி வடிவாத் தமிழ் கதைக்கிறீர். ஊரிலை எவடம்?”

ஊரின் பேரைச் சொன்னேன்.

“அது சரி... ஊருக்குள்ளை எந்தக் குறிச்சி?”

சாதி என்ன என்று வாய்விட்டுக் கேட்காமல் கேட்பது எப்படி? இப்படித்தான்! ஊரில் சாதிக்கொரு குறிச்சி; குறிச்சி தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். கடல் தாண்டி, குடியுரிமை எடுத்து, பேரப்பிள்ளைகள் இங்கிலீசில் மட்டும் பதில் சொல்லும் காலத்திலும் இந்தக் கேள்வி சாகவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா ஏன் முடிக்கவில்லை? வகுப்பில் மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்க, அவரை நிலத்தில் இருத்தினார்கள். அவர் எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். இருத்தியவர்கள் வெள்ளைக்கார நிலக்காரர்களா? ஐரிஷ்காரனின் கூரைக்குக் கண் கலங்குகிற இதே நல்ல மனிதர்கள்தானே!

“என்ன கேட்கிறார்?” என்றார் மோரீன் ஆங்கிலத்தில்.

“என்னுடைய டவுன்லேண்ட் எது என்று.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, எவ்வளவு அருமையான கேள்வி! சொல்லேன்!”

பக்கத்துக் குறிச்சியின் பேரைச் சொல்லியிருக்கலாம். ஒரு பொய். அங்கிள் சிரித்திருப்பார், வீட்டுக்குச் சாப்பிடக்கூடக் கூப்பிட்டிருப்பார். நான் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன்.

“கள்ளியடி, அங்கிள். கடைசி வரிசைக்கும் கேட்டுதோ? கள்ளியடி!”

“ஆ... ஓம், ஓம்” என்றபடி அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் வாயில் ‘தம்பி’ வரவில்லை. தேநீர் மேசையில், எனக்கு முன்னால் நின்ற அதே அங்கிள் எதையோ மறந்ததுபோல மற்றப் பக்கம் போனார்.

மோரீன் மட்டும் கோப்பையோடு வந்தார். “கள்ளியடி... அப்படியென்றால் என்ன அர்த்தம்?”

என் குறிச்சியின் பேரை என்னிடம் கேட்டவர்கள் எத்தனையோ பேர் — அதன் அர்த்தத்தைக் கேட்டவர் இந்த ஐரிஷ்காரி ஒருவர்தான்.