ரொட்டி வண்டிக்கு வழியில்லை

பிரான்சின் ஒரு மூலையில் இருக்கும் எங்கள் பெல்நூ குக்கிராமத்தில் மொத்தமே மூன்று வீடுகள். ஒன்றில் நானும் என் ஆடுகளும். இரண்டாவதில் கோடைக்கு மட்டும் தலைகாட்டும் பாரிஸ்காரர்கள். மூன்றாவது, அந்தக் காலத்தில் ரயில்வே கேட்காரருக்குக் கட்டிய சின்ன வீடு. அதில் ரெஜிஸ் போதினியே என்பவன் இருக்கிறான். அவன் அப்பா ரயிலுக்காகக் கேட்டை மூடினார். மகன் சைக்கிளுக்காக மூடுகிறான். குடும்பத் தொழில் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரயில் நின்றதும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்தப் பாதை பல வருஷம் புல் மண்டிக் கிடந்தது, எங்கள் பக்கத்து வண்டிகள்தான் அதில் போய்வந்தன. பிறகு பொடிச்சரளை கொட்டி இறுக்கி, சைக்கிள் பாதையாக்கினார்கள். இரண்டு பக்கமும் ஓக் மரம். அதைத் தாண்டினால் மாடு, அதையும் தாண்டினால் மறுபடி மாடு. கார் சத்தமே கிடையாது. வசந்தம் வந்தால் டச்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் நகரத்துக் குடும்பங்களும் பின்சக்கரத்தில் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். என் வேலியோரம் நின்று, "என்ன ஒரு அமைதி" என்று என்னிடம் சொல்வார்கள். ஏதோ நான் காலையில் எழுந்து அதைக் காய்ச்சி வைத்த மாதிரி.

பாதை ரோட்டைத் தொடும் இடம் எங்கள் வீடுகளிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒரு மரக்கேட் போட்டார்கள். பக்கத்தில் ஒரு சைக்கிள் நுழைகிற அளவுக்குச் சந்து. ஊரின் ரோட்டு வேலைக்காரன் ரெஜிஸ்தான் என்பதால் கேட்டின் சாவியை மேயர் அவனிடம் கொடுத்தார். ஆடுகிற பேய்க்குக் கொட்டு அடித்த கதை ஆயிற்று.

ரெஜிஸ் நல்லவன். போன புயலில் என் கூரை ஓடுகள் பறந்தபோது கேட்காமலே ஏறிச் சரிசெய்தான். ஆனால் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அங்கே குடியிருப்பவர்களின் வண்டியைத் தவிர வேறு மோட்டார் வண்டி உள்ளே வரக்கூடாது என்பது விதி. திறப்பு விழா அன்றே மேயரின் காரை நிறுத்திவிட்டான். மேயர் பளபளக்கும் ஷூவோடு சரளையில் நடந்துபோய் ரிப்பன் வெட்டினார். பேட்டரி சைக்கிளில் வந்த முதியவர்கள் இருவரை இறங்கச் சொல்லி, மோட்டார் சத்தம் வருகிறதா என்று சக்கரத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். சைக்கிளுக்கு ஏதோ வைத்தியம் பார்க்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

என் வண்டிக் கண்ணாடியில் அனுமதிச் சீட்டு ஒட்டியிருக்கிறது. அவனைத் தொட்டிலில் பார்த்தவள் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி நிறுத்துவான்.

"ஒதீல் அக்கா, சீட்டக் காட்டுங்க."

"ஏண்டா, என் மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

"மூஞ்சி தெரியுது. வெயில்ல சீட்டுதான் தெரியல."

இப்படிப்பட்டவனுக்கு மரிவோன் மேல் காதல்.

மரிவோன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவள். செவ்வாயும் வெள்ளியும் ஊரிலிருந்து ரொட்டி ஏற்றிக்கொண்டு எங்களைப் போன்ற ஒதுக்குப்புற வீடுகளுக்கு வருவாள். அந்தப் பழைய ரயில்பாதை வழியாகத்தான் இருபது வருஷம் வந்துகொண்டிருந்தாள். ரெஜிஸ் வீட்டு வாசலில் நிறுத்தி ஹார்ன் அடிப்பாள். அவளுடைய புருஷன் எப்போதோ விவாகரத்து வாங்கிக்கொண்டு தெற்கே போய்விட்டான். இவனோ ஐம்பத்தாறு வயது ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு எவ்வளவு ரொட்டி வேண்டும்? இவன் இரண்டு நீளரொட்டி, ஒரு பெரிய உருண்டை ரொட்டி, மேலே ஒரு திராட்சை ரொட்டியும் வாங்குவான். அதையும் ஒவ்வொன்றாகக் கேட்பான். தனித்தனியாகக் கேட்டால் நாலு வாக்கியம் பேசலாமே. மிச்சம் காய்ந்துபோய் என் ஆடுகளுக்கு வரும். ஆக, அவன் காதலின் ஆழம் எனக்கும் என் ஆடுகளுக்கும்தான் தெரியும். அவளிடம் அவன் பேசியதெல்லாம் மழையைப் பற்றி மட்டும்தான்.

கேட் போட்ட பிறகு வந்த முதல் செவ்வாய்க்கிழமை, நான் பக்கத்தில் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். ரொட்டி வண்டி கேட்டின் முன்னால் வந்து நின்றது.

"திறங்க ரெஜிஸ்," என்றாள் மரிவோன்.

"மோட்டார் வண்டி," என்றான் அவன்.

"நான்தாங்க."

"நீங்கதான். ஆனா வண்டியில மோட்டார் இருக்கே."

"ரொட்டி கொண்டு வர்றேன், பீரங்கியா கொண்டு வர்றேன்?"

"விதியில ரொட்டின்னு தனியா எதுவும் போடலையே," என்றான், நிஜமாகவே வருத்தத்தோடு.

எங்கள் வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. குன்றைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவ்வளவு தூரம் சுற்ற ரொட்டிக்கடை முதலாளி விடமாட்டார். அவள் வண்டியைக் கேட்டின் ஓரமாகவே நிறுத்தி, பக்கக் கதவைத் தூக்கிவிட்டு, ஹார்னை ஓங்கி அடித்தாள். வேண்டுமென்றால் நடந்து வந்து வாங்கிக்கொள் என்று அதற்கு அர்த்தம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் நேராக மேயரிடம் போனேன். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "தாயே, ரொட்டி வண்டிய விடுப்பான்னு நானே அவன்கிட்ட சொல்லிட்டேன். ஒருத்தருக்கு ஒரு நியாயம், இன்னொருத்தருக்கு ஒரு நியாயமான்னு கேக்குறான். அன்னிக்கு உங்கள மட்டும் நடக்க விட்டது தப்புன்னு ஆயிடும்ங்குறான். நான் என்ன சொல்ல?"

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆளில்லாத பாதையில் காலையிலிருந்து மிதித்து வருகிறவனுக்குச் சூடான ரொட்டி வாசனை அடித்தால் என்ன ஆகும்? டச்சுக்காரர்கள் நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து ஜெர்மானியர்கள் நிறுத்தினார்கள். இங்கே செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி கிடைக்கும் என்று எப்படியோ செய்தி பரவிவிட்டது. கேட்டின் மேல்கட்டையே கடை மேசையாகிவிட்டது. கோடை நடுவில் பார்த்தால் சைக்கிளும் பையும் பிள்ளைகளுமாக ஓக் மரம் வரை வரிசை. நமது ரெஜிஸ் அதன் கடைசியில். கேட்டே அவனுடையது, சாவி இடுப்பில் தொங்குகிறது. ஆனாலும் வரிசையை மீறமாட்டான். அவன் முறை வரும்போது திராட்சை ரொட்டி தீர்ந்திருக்கும், பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். மழையைப் பற்றிப் பேசக்கூட நேரம் இருக்காது.

"டிராஃபிக் ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா," என்று என்னிடம் வந்து புலம்பினான்.

"வண்டியே வராத பாதையிலயா?"

"ஆமாக்கா. சைக்கிள் டிராஃபிக்கு."

இந்த ஆளுக்காக நான் பரிதாபப்படுவதா, சிரிப்பதா? இரண்டும் செய்தேன்.

இலையுதிர்காலம் வந்தது. சைக்கிள்கள் குறைந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை மரிவோன் எனக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தபடியே சொன்னாள்: "அக்கா, வெள்ளிக்கிழமைதான் கடைசி. குளிர்ல ரெண்டு வீட்டுக்காக எதுக்கு கேட் பக்கத்துல நிக்கணும்னு முதலாளி கேக்குறாரு. என்னை லவால் டவுன் பக்கத்துக்கு மாத்துறாரு." அவள் என்னிடம்தான் சொன்னாள். ஆனால் எனக்குப் பின்னால் நின்றிருந்த ரெஜிஸின் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். இவன் முகம் மாவு மாதிரி வெளுத்தது. தன் முறை வந்ததும் ஒரே ஒரு நீளரொட்டி கேட்டான். பணத்தைக் கொடுத்துவிட்டு ரொட்டியை எடுக்காமலே போய்விட்டான்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அந்த நிலையில் அவனை நான் பார்த்ததே இல்லை.

"போயிடப் போறாடா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? ஏதாவது சொல்லு."

"என்னன்னு சொல்றதுக்கா?"

"மழையத் தவிர எத வேணாலும் சொல்லு."

வெள்ளிக்கிழமை வந்தது. ரெஜிஸ் சாவுக்கும் ஞானஸ்நானத்துக்கும் போட்டுக்கொள்ளும் கோட்டில் வந்து நின்றான். வரிசையில் எனக்கு முன்னால் அவன். அவனுக்கு முன்னால் மழைக்கோட்டு போட்ட ஒரு டச்சுத் தம்பதி. அவர்கள் எந்த ரொட்டியில் வாதுமை இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். அவர்களை அப்படியே தூக்கிப் பள்ளத்தில் போடலாமா என்று எனக்கு வந்தது. ஒருவழியாக வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று தின்ன ஆரம்பித்தார்கள்.

"வழக்கம்போலதானே?" என்று கேட்டாள் மரிவோன்.

"ரொட்டி வேண்டாம்," என்றான் ரெஜிஸ். "நேத்து பூரா விதியப் படிச்சேன்."

போச்சு என்று நினைத்தேன்.

"அங்க குடியிருக்கிறவங்க வண்டி உள்ள வரலாம்னு இருக்கு."

"தெரியுமே. ஒதீல் அக்கா வண்டியில சீட்டு இருக்கே."

"நீங்களும் குடி வந்துட்டீங்கன்னா..." காது இரண்டும் சிவந்துபோயின. "என் வீட்டுல இடம் இருக்கு. கூரை ஒழுகாது. மேயர்கிட்ட பதிவு பண்ணி கல்யாணமும் பண்ணிக்கிட்டா, சீட்டு அன்னிக்கே குடுத்துடலாம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தான், அதுவும் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பம் போடுவது போல. டச்சுக்காரர் தன் மனைவியின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

மரிவோன் கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினாள். அவள் முகம் இறுகியிருந்தது.

"ஆக, என் வண்டி உள்ள வர்றதுக்காக நான் உங்களக் கட்டிக்கணும். அப்படித்தானே?"

ரெஜிஸ் யோசித்தான். அந்த நேரத்திலும் பாவி சரியான பதிலுக்காக யோசித்தான்.

"இல்லீங்க. விதியெல்லாம் வண்டிக்குத்தான்," என்றான். "உங்களுக்கு என்னைக்குமே கேட் கிடையாது."

மரிவோன் வண்டியிலிருந்து இறங்கினாள். ஏப்ரனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "கொஞ்ச நேரம் கடையப் பாத்துக்குங்கக்கா," என்றாள். அவள் கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்புக்காரி. சைக்கிள் சந்துக்குள் நேராக நுழைய முடியாமல் பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். ரெஜிஸ் சாவியை மறந்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தான். "கூரை ஒழுகாதுன்னீங்களே, வாங்க, அதையும் பாத்துடுவோம்," என்று அவள் சொன்னது கேட்டது. இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அவன் மழையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் அதற்குள் நாலு சைக்கிள் சேர்ந்துவிட்டிருந்தது. ஏப்ரனிலேயே கண்ணைத் துடைத்து, அதையே இடுப்பில் கட்டிக்கொண்டு, அடுத்தது யார் என்று கேட்டேன்.