போட்டோவுக்கு ஆகாத தலைகள்

1. முதல் நாள்

ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, இறந்துபோன ஒருவரின் தலைமுடியைப் பிரித்தெடுப்பது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், மாலை போட மாட்டுகிற பிரேம் படம், எல்லாம் செய்வோம். என் அப்பா, அம்மா இருவரும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முடித்தவன் நான் ஒருவன்தான். டிகிரியும் வாங்கினேன். சென்னையில் வேலை தேடி அலுத்து ஊருக்குத் திரும்பியபோது, கம்ப்யூட்டர் இருக்கிற இடமாக இது ஒன்றுதான் கிடைத்தது.

ஓனர் குமரேசன் அண்ணன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“இன்னாடா படிச்சிருக்க?”

“பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ணா.”

“அப்போ சரி. மொதல்ல தல வெட்டு.”

படத்தில் இருப்பவரைப் பின்னணியிலிருந்து தனியாக வெட்டி எடுப்பதற்குக் கட்டிங் என்று பெயர். சட்டை, தோள், காது எல்லாம் சுலபம். முடிதான் கஷ்டம். அன்று நான் வெட்டியது ஒரு பெரியவரின் தலை. யாரோ வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவில் பின்வரிசையில் நின்றிருந்தார். அதை விட்டால் அவருக்கு வேறு படமே கிடையாது. முடியின் ஓரத்தைக் கோடு போட்டதுபோல் வெட்டி வைத்தேன். அண்ணன் வந்து பார்த்தார்.

“மனுஷன் தலமேல சட்டிய கவுத்தமாரி கீது. அவுரு பொண்டாட்டி இதுக்குத்தான் தெனமும் வெளக்கேத்தணுமா?”

மறுபடி உட்கார்ந்தேன். ஒவ்வொரு முடியாகப் பிரித்து எடுத்து முடித்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கண் எரிந்தது. சாகும்வரை தனக்கென்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாத மனிதர்கள் நம் பக்கத்தில் எவ்வளவு பேர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2. ஆகாதவை

சில வருஷம் இந்த வேலையில் இருந்தால் முகத்தைவிட முடிதான் முதலில் கண்ணில் படும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும், ஸ்டைல் செய்துகொள்கிற தம்பிகளுக்கும் பார்த்ததைச் சொல்கிறேன்.

ரெண்டு பக்கமும் ஜீரோ மிஷின் போட்டு மேலே மட்டும் புதராக விடுவது. இதில் காது வெளியே வந்துவிடும், தாடை ஒட்டிப்போய்விடும். பாஸ்போர்ட் சைஸில் முடியை முழுசாகக் காட்டினால் முகம் எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கும். முகத்தைப் பெரிதாக்கினால் முடி பாதியில் வெட்டுப்படும். அப்படி வந்த ஒரு பையனிடம் அண்ணன் கேட்டார்: “தம்பி, இது தலயா, கொட்டாங்குச்சில வெச்ச செடியா?”

“இதாண்ணா இப்ப ஸ்டைலு.”

“ஸ்டைலு நடந்து போறப்ப நல்லாருக்கும்பா. படத்துல நீ நடக்க மாட்டியே.”

சோளத்தட்டை நிறத்தில் கலர் அடிப்பது இன்னொன்று. ரிஷிவந்தியம் பக்கத்து மாப்பிள்ளை ஒருவருக்கு மஞ்சள் பின்னணியில் ஃப்ளெக்ஸ் போட்டோம். கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் இருந்தது. மண்டப வாசலில் கட்டியதும் வெயிலில் முடியும் மஞ்சளும் ஒன்றாகிவிட்டன. பெண்ணின் மாமா போன் போட்டு, “மாப்ள இருக்காரு, முடி எங்கய்யா?” என்று கத்தினார்.

காதோரத்தில் நீளமாக வளர்த்து வழுக்கையின் குறுக்கே சீவிக்கொள்கிறவர்களைப் பற்றி நான் சிரித்து எழுத மாட்டேன். ஃபிளாஷ் அடித்தால் அடியில் தோல் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். கலைந்துவிடுமென்று ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, சித்திரை வெயிலில் வேர்வை வழிய ஒரு பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வழுக்கையாகவே எடுத்திருந்தால் கம்பீரமாக இருந்திருப்பார்.

இவை எல்லாவற்றையும்விட மோசம், முன்முடியை நீளமாக விட்டு நெற்றியையும் ஒரு கண்ணையும் மூடிக்கொள்வது. கலர் போனால் திருத்தலாம். காது விடைத்தால் அமுக்கலாம். மூடியதை எங்கிருந்து எடுப்பது?

இதை எனக்குத் தெரிய வைத்தவர்கள் மலையிலிருந்து வந்தார்கள்.

3. வெள்ளிமலை பஸ்

யாரென்று அடையாளம் தெரியாதபடி பெயர்களை மாற்றி எழுதுகிறேன். அண்ணாமலை என்கிற பெரியவர், கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர். கூட அவர் மகள் மல்லிகா. வெள்ளிமலையிலிருந்து வரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கி நேராக ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார்கள். மல்லிகாவின் தம்பி சிவா சென்னையில் கட்டட வேலை பார்த்தவன். ஊர்த் திருவிழாவுக்கு வரும் வழியில் உளுந்தூர்பேட்டையில் ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்து இறந்துவிட்டான். மறுநாள் கருமாதி. சாயங்காலக் கடைசி பஸ்ஸுக்குள் பிரேம் போட்ட படம் வேண்டும்.

“நேரா கள்ளக்குறிச்சி வர பஸ்ல ஏறிட்டேன்க்கான்னு போன் பண்ணாண்ணா,” என்றார் மல்லிகா. “நடுவுல எதுக்கு எறங்கனான்னே தெரியல. தண்ணி வாங்க எறங்கனானோ இன்னாவோ.”

அவருடைய போனில் ஒரே ஒரு படம் தேறியது. மற்றதெல்லாம் மங்கல். அதிலும் சோளத்தட்டைக் கலர் முடி நெற்றியை முழுக்க மூடி, இடது கண்ணைத் தாண்டி மூக்குவரை தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவர் முதல்முறையாக வாய் திறந்தார். “முடிய வெட்டிடு தம்பி. ரொம்ப ஒட்ட வேணாம். கம்மி பண்ணி கருப்பாக்கிடு.”

மல்லிகா சட்டென்று திரும்பினார். “இன்னாப்பா நீ? உயிரோட இருந்தப்பதான் அந்த முடியப் புடிச்சிக்கினு தொங்கன. செத்தும் வுட மாட்டியா?”

பெரியவர் தரையைப் பார்த்தார்.

“பொங்கலுக்கு வந்தவன இந்தத் தலையோட சாமி முன்னால நிக்காதன்னு சொல்லிட்டாருண்ணா. காலையில சோறுகூடத் திங்காம பஸ் ஏறிப் போய்ட்டான். அப்புறம் இவருகிட்ட ஒரு பேச்சு இல்ல. என்கிட்டதான் போன்ல பேசுவான்.” போனை என் பக்கம் தள்ளினார். “இருக்கறமாரியே போடுங்க. எந்தம்பி இப்பிடித்தான் இருந்தான். சாமான் வாங்கிக்கினு வரேன். நான் வரதுக்குள்ள முடியில கைய வெச்சிடாதீங்க.”

வீட்டு ஆட்கள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அவர்களே ஒரு முடிவுக்கு வருவார்கள் என்பது அண்ணனின் சட்டம். நான் உட்காரவில்லை. பெரியவர் மேல் எனக்கும் கோபம்.

“ஐயா, அக்காதான் அவ்ளோ சொல்றாங்களே. அந்தப் புள்ளைய இனிமேலாச்சும் அவன் இஷ்டப்படி வுடக் கூடாதா?”

அவர் வாசலைப் பார்த்தார். மகள் தெருமுனை தாண்டியதும் மடியிலிருந்த துணிப்பையைத் திறந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தார். ரத்தம் காய்ந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்திருந்தது. காலரை மட்டும் விரித்து என் முன்னால் நீட்டினார்.

காலரின் உள்மடிப்பில் பொடிப்பொடியாக முடி ஒட்டியிருந்தது. சோளத்தட்டை நிறம்.

“சலூன் முடி தம்பி,” என்றார். “வூட்ல வெச்சா தொவச்சிடுவாங்கன்னு கையிலயே வெச்சிக்கினு சுத்தறேன். ஆஸ்பத்திரியில என்ன மட்டுந்தான் உள்ள கூப்ட்டு காட்னாங்க. அழகா கிராப்பு வெட்டியிருந்தான். மஞ்ச முடியெல்லாம் போயி அடியில இருந்த கருப்புதான் நின்னிச்சி. அப்புறம் தலையெல்லாம் துணி சுத்திக் குடுத்துட்டாங்க. மூஞ்சி மட்டும்தான் வூட்ல பாத்தாங்க.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

“இத அக்காகிட்ட சொல்லிடலாமேய்யா.”

“சொன்னா எங்க வெட்டனான்னு கேப்பா. பஸ்ஸ வுட்டு எதுக்கு எறங்கனான்னு அவளுக்கு வெளங்கிடும். அவ அம்மாவுக்கும் வெளங்கிடும். நான் அன்னிக்கி வாய வுடாம இருந்திருந்தா…” அவர் சட்டையை மடிக்க ஆரம்பித்தார். “என்ன ராட்சசன்னு திட்டட்டும், பரவால்ல. ஆனா அவன் வெட்டிக்கினுதான் வந்தான் தம்பி. சாமிகிட்ட நிக்கத்தான் வந்தான். அது படத்துல இருக்கணும்.”

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடியை எடுத்துவிட்டேன். எடுத்த இடத்தில் ஒன்றுமில்லை. இடது கண்ணுக்கு வலது கண்ணைத் திருப்பிப் போட்டேன். நெற்றிக்கு என்ன செய்வது? யாருடைய நெற்றியையாவது ஒட்டினால் படத்தில் இருப்பது வேறு யாரோவாகிவிடும். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பெரியவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

“தலத்துண்ட எடுத்துடுங்கய்யா.”

“என்ன எதுக்குப்பா புடிக்கற?”

“நெத்திக்கு.”

துண்டை எடுத்தார். அகலமான நெற்றி. இடது பக்கம் முடி கொஞ்சம் உள்ளே ஏறி வளைந்திருந்தது. அந்த வளைவை மட்டும் அவரிடமிருந்து எடுத்தேன். தோலை மகனின் கன்னத்திலிருந்து எடுத்து நிரப்பினேன். அவர் விரலிடுக்கில் காட்டிய நீளத்துக்கு முடியைச் சின்ன பிரஷ்ஷில் ஒவ்வொன்றாக வரைந்தேன். அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை மட்டும், “காதுக்கு மேல இன்னும் கொஞ்சம் கம்மி,” என்றார்.

டீ குடித்துவிட்டு வந்த குமரேசன் அண்ணன் ஸ்கிரீனைப் பார்த்து, “பெரியவரோட எளவயசுப் படமா? நல்லா தெளிவா கீதே,” என்றார்.

மல்லிகா திரும்பி வந்தபோது படம் பிரேமுக்குள் போயிருந்தது.

“நான் அவ்ளோ சொல்லியும்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வாங்கிவந்த சாமானைக் கீழே வைத்தார். பிரேமை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். பெரியவர் இன்னும் துண்டைக் கட்டியிருக்கவில்லை.

“உன்ன மாரியே கீறான்பா,” என்றார். “இத்தன நாளு தெரியவே இல்லியே.”

பெரியவர் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

“இப்பிடி ஒரு நாளாச்சும் வந்து நின்னிருந்தான்னா, நீயும் அவனும் சண்டையே போட்டிருக்க மாட்டீங்க.”

“ஆமாம்மா,” என்றார் பெரியவர்.

கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள். படத்தை மகள் சுமந்தார். பையை அப்பா சுமந்தார்.

4. இப்போது

அதற்குப் பிறகு முடியை வெட்டு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எது நன்றாக இராது என்று மேலே எழுதியிருக்கிறேன். கேட்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அதற்காக வீட்டில் வார்த்தையை விடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

ஆனால் பாஸ்போர்ட் சைஸுக்கு வருகிற ஒவ்வொரு தம்பியிடமும் ஒரு வேலை செய்கிறேன். அவன் விரும்புகிறபடி எடுத்து முடித்ததும், “முடியக் கையால மேல தூக்கிப் புடி, இன்னொண்ணு எடுத்துக்கறேன்,” என்பேன்.

“இன்னாண்ணா, பொண்ணு வூட்டுக்கு அனுப்பவா?” என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே தூக்கிப் பிடிப்பார்கள். நெற்றி முழுசாகத் தெரியும்.

அந்தப் படங்களை யாருக்கும் கொடுப்பதில்லை. தனி ஃபோல்டரில் போட்டு வைக்கிறேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, அழித்துவிடு என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். காரணத்தைச் சொன்னேன். மறுநாள் புது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

அந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டியே வரக்கூடாது என்றுதான் ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன். சில தடவை திறக்க வேண்டியதாகிவிட்டது.