நான்காவது இருக்கை

ஸ்பெயின் பயணம் நான்கு பேருக்குப் போட்ட திட்டம். நானும் என் கணவரும், என் பள்ளித் தோழியும் அவள் கணவரும். ரயில், தங்குமிடம், சாப்பாட்டுக் கடை என்று எல்லாவற்றையும் பதிந்து வைத்தது அவள் கணவர்தான். கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டே மட்ரிட்டின் எந்தச் சந்தில் எந்தக் கடை என்று சொல்லக்கூடிய மனிதர். பதிந்து முடித்த கையோடு, பனிக்காலத்தில் ஒரு காலை, மாரடைப்பில் போய்விட்டார்.

பயணம் கோடையில். ஆண்டுத் திவசம் முடியவில்லை. புருஷன் செத்து வருஷம் திரும்பமுதல் ஊர் சுற்றப் போனாள் என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வாய் கூசாது. றிச்மண்ட் ஹில் கோயில் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும் நேரத்துக்குள் செய்தி மிசிசாகாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சரி, சனம் கிடக்கட்டும். அவள் வீட்டில் மாமி இருந்தார், இறந்தவரைப் பெற்றவர். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது அவர்கள் இரண்டு பேர் மட்டும். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு வேறு ஆளில்லை.

ஒட்டாவாவில் வேலைப் பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். விமான நிலையத்தில் வைத்துத்தான் அதை எனக்குச் சொன்னாள்.

"உனக்கு விசரே? உள்ளதைச் சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே."

"சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லமாட்டா. பேசாமல் இருப்பா. அதை என்னாலை தாங்கேலாது."

எனக்குப் பொய் ஒத்துவராது. வேறு யாரோ சொன்ன பொய்யென்றாலும் அப்படித்தான். மட்ரிட்டில் இறங்கியதிலிருந்து நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடவில்லை. தலைக்கு மேலே பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கும் கடையில், குளிர்ந்த தக்காளிச் சாற்றை ருசித்துக் குடிக்கத் தொடங்கும்போது மாமியின் வீடியோ அழைப்பு வரும். அவள் பதைத்து எழுந்து, ஒட்டாவா அறைபோலக் காட்ட ஒரு வெள்ளைச் சுவர் தேடி ஓடுவாள். தெருவில் சுவரெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். ஒருநாள் வங்கி ஒன்றின் கதவோடு ஒட்டி நின்று, "ஓம் மாமி, சாப்பிட்டன் மாமி," என்று சொல்லிக்கொண்டிருந்தவளைக் காவலாளி விரட்டினான்.

செவில் நகரத்தில் இன்னும் மோசம். ஒரு சின்ன மண்டபத்தில் ஃபிளமெங்கோ நடனம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடுபவள் குதிகாலால் பலகையைப் பிளந்துகொண்டிருந்த உச்சத்தில் போன் அடித்தது. கழிப்பறைக்குள் ஓடினாள். நானும் பின்னால் போனேன்.

"உதென்ன சத்தம், பிள்ளை?"

"மேல் மாடியிலை வேலை நடக்குது, மாமி. பலகை அடிக்கினம்."

"நல்லாத்தான் அடிக்கினம்," என்றார் மாமி. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்தவள் நேரே வாசலுக்கு நடந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆட்டத்தின் மிச்சத்தை நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்தநாள் வலென்சியாவுக்கு ரயில். எதிரெதிராக நான்கு இருக்கைகள், நடுவில் மேசை. நான்காவது இருக்கை அவருடையது. ஒவ்வொரு ரயிலிலும் அப்படியே வெறுமையாக வந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் முதல் நாளே எங்கள் மூன்று பைகளையும் அதில் வைத்துவிட்டோம். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

அந்த ரயிலில் இருக்கும்போதுதான் மாமி அழைத்தார். அவள் திரையை மறைத்துக் குரலை மட்டும் விட்டாள்.

"பிள்ளை, நாளைக்கு மாசியம். ஐயருக்குச் சொல்லிப்போட்டன். இண்டைக்கு வேலை முடிய வெளிக்கிட்டியெண்டால் இரவுக்கு வந்திடுவாய்."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அழைப்பு அறுந்தது. அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மாசியம் என்றால் இறந்தவரின் திதியில் மாதாமாதம் சமைத்துப் படைப்பது. வீட்டில் திதி பார்ப்பது எப்போதும் மாமிதான். இவள் சொன்ன நாளில் லீவு போட்டுவிட்டு நிற்பாள். இந்த முறை இறந்த ஆங்கிலத் திகதியை வைத்து எண்ணி, திரும்பிப் போன பிறகுதான் வரும் என்று இருந்துவிட்டாள். திதி நிலாவோடு போகிறது. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வந்து, சரியாக எங்கள் பயணத்தின் நடுவில் குந்திக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாக் கலண்டரில் வாழும் எங்களுக்கு வரக்கூடிய பிழைதான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

வலென்சியாவில் அறைக்குப் போனதும் என் கணவர் வாயைத் திறந்தார். "கார் நடுவழியிலை நிண்டிட்டுது எண்டு சொல்லுங்கோவன்."

"நீங்கள் வாயை மூடுங்கோ," என்று பாய்ந்தேன். "செத்த மனுசன்ரை மாசியத்துக்குக் கார் நிண்ட கதையோ?"

அவள் கட்டில் விளிம்பில் இருந்தாள். "திரும்பிப் போக எனக்கு வீடு இருக்கோ தெரியேல்லை," என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் சோற்றுக் கடை. அவள் கணவர் இந்த நாட்டுக்கு வர ஆசைப்பட்டதே இதற்காகத்தான். அகலத் தட்டில் சோற்றை அடிப்பிடிக்க விட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அதைச் சுரண்டித் தின்னவேண்டும். வீட்டிலும் சட்டி சுரண்டுகிற மனிதர். மேசை நான்கு பேருக்குப் பதிந்திருந்தது. இன்னொருவர் வருவாரா என்று பரிமாறுகிறவன் கேட்டான். அவள் சாப்பாட்டுப் பட்டியலைத் திறந்தாள். மாசியம் என்பதால் மரக்கறிச் சோறு மட்டும் சொன்னாள். நாங்களும் பைகளை வழக்கம்போல நான்காவது கதிரையில் வைத்தோம்.

தட்டு வந்த நேரம் போனும் அடித்தது. ஸ்காபரோவில் அப்போதுதான் காலை. அவள் என்னைப் பார்த்தாள். எடுத்தாள்.

மாமி முழுகி, வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். பின்னால் மகனின் படமும், படையலுக்கு விரித்த வெறும் இலையும் தெரிந்தன. "எங்கை நிக்கிறாய்? ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன்."

"மாமி, நான் ஒட்டாவாவிலை இல்லை. ஸ்பெயினிலை நிக்கிறன். பொய் சொல்லிப்போட்டு வந்தனான்." போனைத் திருப்பி மேசையை, எங்களை, தெருவை எல்லாம் காட்டினாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுபோல.

மாமி பேசவில்லை. அவள் பயந்த அந்தப் பேசாமை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் சொன்ன சோத்துக் கடையே?"

"ஓம், மாமி."

"உந்தக் கதிரையிலை ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. அது அவருக்கெண்டு போட்டது. ரயிலிலையும் அப்பிடித்தான், சும்மா கிடந்தது. பைகளை வைச்சுக்கொண்டு வந்தம்."

"பையோ?" மாமியின் குரல் உடைந்தது. "அவன்ரை இடத்திலை பையை ஏத்திக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள். நான் இஞ்சை தனிய இருந்து சுவரைப் பார்க்கிறன். அவனைப் பெத்தவள் நான். வாறியளோ எண்டு என்னை ஒருத்தர் கேட்டனீங்களோ?"

சனம் என்ன சொல்லும், மாமி என்ன சொல்லுவார் என்று யோசித்தோம். மாமி வருவாரா என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

அங்கே வாசல் மணி அடித்தது. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயர் வந்திட்டார். போனை நிப்பாட்டாதை. உந்தக் கதிரையிலை வை."

நான் எழுந்து மூன்று பைகளையும் கீழே இறக்கினேன்.