ஒன்பதாம் ஸ்லைடில் சிரிக்கும் பெண்

1. பலூன்

இரண்டு விரல் போன பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சேஃப்டி ஷூவின் லேஸை நானேதான் கட்டிக்கொண்டு போனேன். எட்டு விரலால் லேஸ் கட்டிப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய சாதனை என்று புரியும். வேர்ஹவுஸ் வாசலில் பலூன் தொங்கியது. யாருக்கோ பிறந்தநாள் போல என்று நினைத்தேன். எனக்காகத்தான் கட்டியிருந்தார்கள்.

மலேசியாவில், கிள்ளானின் காப்பார் ரோட்டுப் பக்கம் இருக்கிற பெரிய வேர்ஹவுஸ் அது. நான் அங்கே ரீச் டிரக் ஓட்டுகிறவள். தெரியாதவர்கள் அதை ஃபோர்க்லிஃப்ட்டின் ஒல்லியான தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, இடது கையால் ஸ்டீயரிங்கைச் சுற்றி, வலது கையால் லீவரைத் தள்ளி, சாமான் அடுக்கிய பாலெட் பலகையை உயரமான ரேக்கில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். ஒரு பெண் ஓட்டுவதைப் பார்க்கிற கண்டெய்னர் டிரைவர்கள் முதலில் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அப்புறம் "அக்கா, சீக்கிரம் இறக்குங்க லா!" என்று கத்துவார்கள். எனக்கு அந்தக் கத்தல்தான் பிடிக்கும்.

விபத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பாலெட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் ரேக் கம்பியில் மாட்டிக்கொண்டது. வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் எடுத்துவிடப் பார்த்தேன். தாள் படபடவென்று கிழிந்தது, பெட்டிகள் சரிந்தன, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. அவ்வளவுதான் கதை. கம்பெனிதான் பிறகு இதை ஒரு மதியம் முழுக்க ஓடுகிற நிகழ்ச்சியாக ஆக்கியது.

பலூனுக்குக் கீழே பிரமிளா நின்றார். எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ், பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து தினமும் கார் ஓட்டி வருகிற சின்னப் பெண். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை. கையில் ஒரு ஹேம்பர் கூடையைத் திணித்தார். உள்ளே இறுக்கி மூடிய பிஸ்கட் ஜாடி. அதை என் கையால் திறக்கவே முடியாது என்று கூடை கட்டியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, நீங்க எங்க எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷன் லா."

"நன்றிம்மா. என் வண்டி எங்க?"

"வண்டியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல மைண்ட் ஹீல் ஆகணும் அக்கா."

என் மைண்ட் ஹீல் ஆவதற்காக என்னை லேபல் ஒட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள்.

2. கோச்

விழுந்தவர்கள் எழுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதற்குத் தனியாக ஆள் இருக்கிறார் என்பது எனக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. எல்லாரும் அவரைக் கோச் என்றார்கள். கோட்டு போட்டிருந்தார், காதோரம் மைக் ஒட்டியிருந்தார். இவர் எங்கே விழுந்தார் என்று பிரமிளாவிடம் மெல்லக் கேட்டேன். ஏதோ பிசினஸ் படுத்துவிட்டதாம். அது மூன்றாம் ஸ்லைடில் வருமாம்.

ஆளுக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். "உங்க பிராப்ளத்தை நசுக்குங்க!" என்றார். நான் இருக்கிற இடம் தேடி வந்து, என் இடது கையிலேயே பந்தை வைத்தார். மூன்று விரலில் அது நிற்கவில்லை, உருண்டு போய் மேனேஜர் காலடியில் நின்றது.

"பரவால்ல! அதையும் ஏத்துக்குங்க!" என்றார் கோச்.

எதை, பந்தையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் ஸ்லைடில் என் படம் வந்தது. லேபல் மேசையில் உட்கார்ந்து சிரிக்கிறேன். படம் எடுக்கும்போது பிரமிளா "ஸ்மைல் அக்கா" என்று சொன்னதற்காகச் சிரித்த சிரிப்பு அது. எனக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்துவிட்டு ஒரு சூரியோதயத்தைப் போட்டிருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. இனி அவரால் வண்டி ஓட்டவே முடியாது, ஆனாலும் தினமும் சிரிக்கிறார் என்று அதற்கு அர்த்தம். எல்லாரும் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் பிரமிளாவைப் பிடித்தேன். "ஓட்ட முடியாதுன்னு யாரும்மா சொன்னா? டாக்டர் ஃபிட்னு எழுதிக் குடுத்துட்டாரே."

"அது எமோஷனலா சொல்றது அக்கா. அப்பதான் டச் ஆகும்."

கம்பெனியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களும் சும்மா போகவில்லை. எல்லாம் நன்மைக்கே என்றார்கள். நாத்தனார் ஒரு படி மேலே போய், "எட்டு போதும் மகேஸ், நீ என்ன வீணையா வாசிக்கப் போற?" என்றார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த தைரியத்தை மூட்டை கட்டியிருந்தால் ஒரு லோரி நிறைந்திருக்கும்.

நேராகப் பேசியவர் மேனேஜர் மிஸ்டர் லிம் ஒருவர்தான். அவருக்குச் சிரிக்கவும் வராது, ஆறுதல் சொல்லவும் வராது. பந்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு மலாயும் ஆங்கிலமும் கலந்து சொன்னார்; அக்கா என்பதற்கு மலாயில் காக். "காக், உன் சீட்ல தற்காலிக ஆள்தான் இருக்கான். மாசக் கடைசி வரைக்கும் காத்திருப்பேன். டெஸ்ட் பாஸ் பண்ணு, சீட்டு உன்னுது. இல்லேன்னா அவனை நிரந்தரமாக்கிடுவேன்."

அந்த சீட்டு எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், ராத்திரி படுக்கும்போது இடது கை தானாகவே ஸ்டீயரிங்கைச் சுற்றும். அதில் உட்கார்ந்திருக்கும்போது என்னை யாரும் பாவம் என்று பார்க்க மாட்டார்கள், சீக்கிரம் இறக்கு என்றுதான் கத்துவார்கள். அது போய்விட்டால் மிச்ச காலம் முழுக்க நான் ஒன்பதாம் ஸ்லைடுதான். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

3. ஹலிம்

டெஸ்டுக்கு முன்னால் பழக வேண்டும். எங்கள் வேர்ஹவுஸில் வண்டி பழக்குகிறவர் ஹலிம் என்கிற மலாய்க்காரர். அதிகம் பேசாத மனிதர், மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருகிறவர். கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், அப்போது வண்டி சும்மாதான் நிற்கும் என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங் சுற்றியது, லீவர் சொன்னபடி கேட்டது. அட, இவ்வளவுதானா என்று முதல் பாலெட்டைத் தூக்கினேன். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் லேசாகப் படபடத்தது. என் இடது கை என்னைக் கேட்காமலே ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு மடிக்கு வந்துவிட்டது. திரும்பவும் முயன்றேன், அதேதான்.  வேர்ஹவுஸில் பிளாஸ்டிக் சுற்றாத பாலெட்டே கிடையாது.

ஆக, ஒன்பதாம் ஸ்லைடு சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று வண்டியை விட்டு இறங்கினேன்.

ஹலிம் தைரியம் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "அந்தக் காலிப் பாலெட்டை எடுத்து அங்க வைங்க காக்," என்றார். வைத்தேன். "இப்ப அங்கேருந்து எடுத்து இங்க வைங்க." மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும் அதேதான். சாமானும் இல்லை, தாளும் இல்லை, வெறும் பலகை. கோச் பார்த்திருந்தால் இதில் என்ன மெசேஜ் இருக்கிறது என்று கேட்டிருப்பார்.

அடுத்த வாரம் ஹலிமுக்குத் திடீரென்று சுத்தம் பிடித்துக்கொண்டது. நான் பழகுகிற நேரமாகப் பார்த்து, கழித்துப் போட்ட பிளாஸ்டிக் தாளை எல்லாம் வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்து சுருட்ட ஆரம்பித்தார். படபட, சரசர என்று ஒரே சத்தம். முதல் நாள் தூரத்தில் வாசலோரம் இருந்தார். கை ஸ்டீயரிங்கை விடப் பார்த்தது, ஆனாலும் சமாளித்தேன். அடுத்தடுத்த நாள் ரேக் வரிசைக்குள் வந்தார். கடைசியில் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்து குந்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஹலிம், வேற எடமே கெடைக்கலையா? இங்கதான் வந்து பண்ணணுமா?"

"குப்பை, காக். யாராவது எடுக்கணும்தானே," என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. குப்பை எடுக்க கிளீனர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கக் கிடக்கிற தாளை மதியத்தில் மட்டும், அதுவும் என்னிடம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து சுருட்ட இவருக்கு என்ன தலையெழுத்து? அன்று மதியம் அந்தச் சத்தத்தோடு நான் ஓட்டியிருக்கிறேன், கை ஸ்டீயரிங்கிலேயே இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்து சீட் ஆன்டி பதறிப்போய், "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்ல ஆன்டி. பிளாஸ்டிக்," என்றேன்.

அவர் அடுத்த ஸ்டாப்பில் வேறு சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

4. வெள்ளியும் ஞாயிறும்

டெஸ்ட் வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் பிரமிளா முகம் வாடி வந்தார்.

"அக்கா, சண்டே பிரிக்ஃபீல்ட்ஸ் ஹால்ல கோச்சோட பெரிய ப்ரோகிராம். பெரிய பாஸ் எல்லாம் வராங்க. நீங்க மேடைக்கு வரணும்."

"வரேன்மா."

"இல்லக்கா... நாளைக்கு நீங்க பாஸ் ஆயிட்டா, அந்த ஸ்லைடு தப்பாயிடும். டெஸ்டை ஒரு வாரம் தள்ளிக்கலாமா?"

"ஒரு வாரம் தள்ளினா மாசம் முடிஞ்சிடும். சீட்டு போயிடும்."

"ஸ்லைடு அப்ரூவ் ஆயிடுச்சு அக்கா."

"அப்ப ஃபெயில் ஆயிடட்டுமா?"

"சே, அப்படிச் சொல்வேனா!" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் லிம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேல் தட்டில் இருந்து ஒரு முழுப் பாலெட்டை இறக்கச் சொன்னார். வண்டியின் ஃபோர்க் கம்பிகளை உள்ளே விட்டேன். தாளின் நுனி ஒன்று பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாலெட்டைத் தூக்கியதும் அது ஆட ஆரம்பித்து, இறங்கி முடிகிறவரை படபடத்தது. என் இடது கை ஒருமுறை சிலிர்த்தது. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தது. பாலெட்டைத் தரையில் கோட்டுக்குள் வைத்துவிட்டு மூச்சு விட்டேன்.

"ஓகே. மண்டே ஸ்டார்ட்," என்றார் மிஸ்டர் லிம். என் வாழ்க்கையில் நான் கேட்ட சிறந்த மோட்டிவேஷன் பேச்சு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். சூரியோதயம் திரையில் வந்தது, பின்னணியில் வயலின் அழுதது. இனி இவரால் ஓட்டவே முடியாது என்று கோச் குரல் உடைந்து சொன்னார். நான் மைக்கை வாங்கி, "முந்தாநாள் டெஸ்ட் பாஸ் ஆயிட்டேன் சார், நாளைக்கு வேலைக்குப் போறேன்," என்றேன்.

 கோச் கண் இமைக்கவில்லை. "பாத்தீங்களா! இதுதான் நம்ம ப்ரோகிராமோட பவர்!" என்று கத்தினார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அவரிடம் எனக்கு அன்றுதான் மரியாதையே வந்தது. விழாமலே எழுந்து நிற்கிற வித்தை எல்லாருக்கும் வராது.

5. திங்கள்

திங்கட்கிழமை மதியம் ஹலிமிடம் போனேன். நன்றி சொன்னால் கூச்சப்படுவார் என்று வேறு மாதிரி சொன்னேன். "இனிமே என்கூட காவல் நிக்க வேணாம். முன்ன மாதிரி வீட்டுக்குப் போய் மனைவி கையால சாப்பிடுங்க."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வீட்டுல யாரும் இல்ல காக்," என்றார். "நீங்க லீவுல இருந்தப்ப அவ தவறிட்டா. இங்க மதியந்தான் கஷ்டமா இருக்கும். நீங்க பழக வந்தீங்க, எனக்கும் நேரம் போச்சு."

 இத்தனை நாள் பக்கத்தில் இருந்திருக்கிறேன். பேச்செல்லாம் என் விரலைப் பற்றியே இருந்ததில், இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எச்.ஆருக்குத் தெரிந்திருக்கும், துக்க லீவு கொடுத்தது அவர்கள்தானே. ஆனால் அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை.

மாலையில் பிரமிளா வந்தார். நான் வண்டியில் இருந்தேன், ஹலிம் கொஞ்சம் தள்ளி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்கிராட்ஸ் அக்கா. ஒன்பதாம் ஸ்லைடை எடுத்துட்டோம். கோச் வேற ஸ்டோரி கேக்கறாரு. நம்ம வேர்ஹவுஸ்ல வேற யாருக்காவது பெருசா ஏதாவது ஆகியிருக்கா?"

ஹலிமின் கை டயரில் அப்படியே நின்றது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா," என்றேன். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

பிரமிளா ஏமாற்றத்தோடு போனார். அடுத்த கண்டெய்னர் டிரைவர் ஹார்ன் அடித்து, "அக்கா, சீக்கிரம் லா!" என்று கத்தினார்.

இளையவர்களுக்கு இப்படி எழுதினால் கடைசியில் ஒரு பாடம் சொல்ல வேண்டுமாம், சொல்லிவிடுகிறேன். கூட வேலை செய்கிற ஒருவர் அடிபட்டுத் திரும்பி வந்தால் தைரியம் சொல்லப் போகாதீர்கள், அது அவரிடம் ஏற்கெனவே லோரிக்கணக்கில் குவிந்திருக்கும். எந்த வேலை திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். அடிபட்டதே வெளியில் தெரியாமல் நிற்கிறவர் யார் என்றும் பாருங்கள். நான் இப்போது மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாசி சோறு இரண்டு பொட்டலமாக வாங்குகிறேன். மதியம் சாமான் ஏற்றி இறக்கும் மேடையில் உட்கார்ந்து ஹலிமும் நானும் சாப்பிடுகிறோம். பெரும்பாலும் சம்பல் காரம் போதவில்லை என்பதைப் பற்றித்தான் பேச்சு.