காளவாய் மேட்டின் இருபத்திரண்டு கம்பங்கள்

கொரட்டூர் ஏரிக்கரைப் பக்கம் ஞானசௌந்தரியை ‘ஆபீஸ்காரம்மா’ என்றால்தான் தெரியும். எந்த ஆபீஸ், என்ன வேலை என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது. கணவர் டேவிட் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அவரிடம் யாராவது கேட்டால், “மத்தவங்க எழுதின கணக்கை இவங்க திருப்பிப் பாக்கிறாங்க” என்பார். “அதுக்கு ஒரு சம்பளமா?” என்று கேட்டவர்களும் உண்டு.

அவள் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் அலுவலகத்தில், சேர்ந்தது 1957இல். பதவி உயர்வுக்கான பரீட்சையில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாம் முறை, மகள் வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது எழுதித் தேறினாள். அதன்பிறகு அரசு நிறுவனங்களுக்கு நேரில் போய்த் தணிக்கை செய்யும் குழுவில் போட்டார்கள். மின்சாரம், தண்ணீர், பஸ் என்று ஒவ்வொரு வருஷமும் ஊர் ஊராக அலைச்சல்.

போகிற இடமெல்லாம் வரவேற்பு ஒரே மாதிரிதான் இருக்கும். ஆடுகிற மேஜை ஒன்றைப் போட்டு, காற்று வராத அறையில் உட்கார வைப்பார்கள். காப்பி மட்டும் மணிக்கு ஒரு தரம் வரும். அவள் அதைத் தொடமாட்டாள். பிளாஸ்கில் தன் காப்பியைக் கொண்டுபோவாள். கேள்வி எழுதும் தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் தன் கேள்வியை எழுதி, வலப்பக்கத்தை அவர்கள் பதிலுக்காகக் காலியாக விடுவாள். எந்த அலுவலகமும் அந்தக் காலிப் பக்கத்துக்குத்தான் பயந்தது.

1971 ஜூனில் பூந்தமல்லியில் வேலை. வடமேற்கு மின் வழங்கு நிறுவனம் என்ற ஒன்றின் கிளை அலுவலகம். ஆவடி வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்தாள். கூட வந்தவன் சம்பத், அவளுக்குக் கீழே வேலை பார்த்தவன், முப்பது வயது. நல்ல பையன்தான், ஆனால் நாலரை மணியானால் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

மூன்றாம் நாள் தெருவிளக்குப் பராமரிப்புப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவில் எந்தத் தேதியில் பல்பு மாற்றினார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு அது. பஜார் தெருவுக்கு மாதம் நாலு பல்பு, கோயில் தெருவுக்கு இரண்டு. காளவாய் மேடு என்ற இடத்துக்கு நேராக மட்டும் பக்கம் பக்கமாக வெறுமையாக இருந்தது. 1969இல் அங்கே இருபத்திரண்டு கம்பம் நட்டு விளக்குப் போட்டதாகப் பணி முடிவுச் சான்றிதழ் இருந்தது. இரண்டு வருஷத்தில் ஒரு பல்பும் அங்கே பழுதாகவில்லை.

“சம்பத், இது என்ன பல்புப்பா? நம்ம வீட்டுக்கும் நாலு வாங்கிட்டுப் போகலாம் போலிருக்கே” என்றாள்.

கிளையின் உதவிப் பொறியாளர் ஜம்புலிங்கத்திடம் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது. “அங்கெல்லாம் ஒரே சேறு மேடம். ஜீப்பும் ரிப்பேர்ல நிக்குது.”

“பஸ் இருக்கே” என்று குடையை எடுத்துக்கொண்டாள்.

மாங்காடு போகிற வழியில் இறங்கி, வயல் வரப்பில் கால் மணி நேரம் நடந்தார்கள். ஜம்புலிங்கம் பின்னால் வந்தார். செங்கல் சூளைகள் ஓய்ந்துபோன இடம் அது. மண் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்றது. நாற்பது ஐம்பது குடிசைகள். கம்பம் ஒன்றுகூட இல்லை.

தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண்மணி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் கன்னியம்மா.

“இன்னாம்மா தேடிகினு கீற?”

“கம்பம்.”

“கம்பமா? மூங்கி கம்பமா?”

“லைட்டுக் கம்பம்மா. இங்க இருபத்திரண்டு இருக்கணும்.”

கன்னியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “ஐய, அது இங்க ஏது? அதோ பெரிய ரோட்டாண்ட கீது. எப்போ போடப் போறீங்க?”

“நான் லைட்டு போடுறவ இல்லம்மா. இருக்கா இல்லையான்னு பார்த்து எழுதுறவ.”

“எழுதுனாத்தானே வரும்? எழுது.”

அவளே கூட்டிக்கொண்டு போனாள். கேட்காமலே சொன்னாள். எஸ்டேட்டுக்கு ஆறு மணி ஷிஃப்ட் போகிற பெண்கள் நாலரைக்கே இருட்டில் பஸ்ஸுக்கு நடக்கிறார்கள். மழைக்காலத்தில் பள்ளம் எது, பாதை எது என்று தெரியாது. “என் மருமவ உள்ள உயுந்து கை ஒடிஞ்சி மூணு மாசம் வேலைக்குப் போவல. அத்தையும் எழுதிக்கோ.”

மருமகளின் கையை எழுதுவதற்கு அந்தத் தாளில் இடமில்லை. ‘பதிவேட்டின்படி 22. இடத்தில் கண்டது: இல்லை’ என்று மட்டும் சம்பத் எழுதினான். ஜம்புலிங்கம் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“நான் இங்க வந்து எட்டு மாசம்தான் ஆச்சு மேடம். பொறுப்பு வாங்கும்போது நானும் எண்ணிப் பார்க்கல. இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“இப்ப பார்த்துட்டீங்களே. பார்த்ததுக்குப் போடுங்க” என்றாள். அவர் போட்டார்.

நான்கு மாதம் கழித்து அவள் எழுதிய தணிக்கைக் குறிப்புக்கு நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. மேற்படி கம்பங்கள் சென்ற ஆண்டுப் புயலில் சாய்ந்துவிட்டன, அவற்றைக் கணக்கிலிருந்து நீக்க ஆணையிடப்பட்டுள்ளது, ஆகவே தணிக்கைக் குறிப்பைக் கைவிடலாம் என்று அதில் இருந்தது.

அவளுடைய மேலதிகாரி குணசேகரன் படித்துவிட்டுத் தலையாட்டினார். “போதும்மா இது. புத்தகத்துலயும் இல்ல, தரையிலயும் இல்ல. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. மூடிடலாம்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. கம்பத்தை நட்டாலும் கணக்கு நேராகும், புத்தகத்தில் அடித்துவிட்டாலும் நேராகும். எது நல்லது என்று சொல்வது தணிக்கையின் வேலையில்லை. பதினான்கு வருஷமாக அவள் அந்தக் கோட்டைத் தாண்டியதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் டேவிட் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் முறம் வைத்துக் கீரை ஆய்ந்தபடி விஷயத்தைச் சொன்னாள்.

“எழுதுறதோட உன் வேலை முடிஞ்சிடுச்சு இல்ல, சௌந்தரி?”

“முடிஞ்சிடுச்சுங்க.”

“அப்புறம் ஏன் தண்டையெல்லாம் இந்தப் பக்கம் போட்டு, கீரையத் தூக்கி எறியுற?”

பார்த்தாள். உண்மைதான். முறத்தில் தண்டு மட்டுமே மிஞ்சியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் தாளை நெடுக்காக மடித்தாள். விளக்குப் போடச் சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை. வந்த பதில் மெய்தானா என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்தது. நான்கே கேள்விகள். கம்பங்கள் விழுந்த தேதி என்ன? விழுந்ததை நேரில் பார்த்து அறிக்கை தந்த ஊழியர் யார்? விழுந்த கம்பங்கள் இப்போது எந்தக் கிடங்கில் உள்ளன? இருபத்திரண்டு இரும்புக் கம்பங்களைச் சாய்த்த காற்றில் அதே தெருவில் ஒரு ஓலைக்கூரையாவது பறந்ததாகத் தாசில்தார் அலுவலகத்தில் பதிவு உண்டா?

குணசேகரன் நாலாவது கேள்வியை இரண்டு முறை படித்தார். அவருக்குச் சிரிப்பு வந்ததை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டு அனுப்பி வைத்தார்.

வலப்பக்கம் பதினொரு மாதம் காலியாகவே கிடந்தது. அவள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுக் கடிதம் அனுப்பினாள். கோபமாக எதுவும் எழுதவில்லை. ‘பதில் எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற ஒரே வரிதான்.

1972 அக்டோபரில் பதில் வந்தது. புயலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. காளவாய் மேட்டில் இருபத்திரண்டு கம்பங்கள் நடப்பட்டு விளக்குகள் எரிகின்றன என்று எழுதியிருந்தார்கள். பழைய கம்பங்கள் எங்கே போயின என்பதை நிறுவனம் தனியாக விசாரிக்கிறது என்றும் கடைசியில் ஒரு வரி. அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. யாரோ ஒருவருடைய புது மனைப்பிரிவில் அவை நிற்கின்றன என்று ஜம்புலிங்கம் ஒருமுறை சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சரிபார்க்கப் போனபோது சாயங்காலம். சம்பத் முன்னால் நடந்து எண்ணினான். புதுக் கம்பங்களின் அடியில் சிமெண்ட் இன்னும் வெளுக்கவில்லை. ஒரு கம்பத்தில் ஏற்கெனவே யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள்.

“இருபத்தொண்ணு மேடம்.”

மறுபடி எண்ணினார்கள். இருபத்தொன்றுதான். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிற கடைசித் திருப்பத்தில், கன்னியம்மாவின் குடிசைக்குப் பக்கத்தில், குழி மட்டும் இருந்தது.

“ஸ்டோர்ல கம்பம் தீர்ந்துபோச்சு மேடம். வந்ததும் நட்டுடுறேன்” என்றார் ஜம்புலிங்கம்.

“ஒண்ணுதானே மேடம். மூடிடலாமே” என்றான் சம்பத்.

குடிசை வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். மருமகள் இடுப்பில் குழந்தையோடு அந்தக் குழியை எட்டிப் பார்த்தாள். ஞானசௌந்தரி தாளைக் குடைமேல் வைத்து, ‘21 கண்டது. ஒன்று நிலுவை. குறிப்பு நீடிக்கிறது’ என்று எழுதினாள். ஜம்புலிங்கம் இம்முறை தயங்காமல் கையெழுத்துப் போட்டார். சொன்னபடி தைமாதத்துக்குள் நட்டும்விட்டார். ஒரு சனிக்கிழமை அவள் மட்டும் பஸ் ஏறிப் போய்த் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினாள். மறுவாரம் குறிப்பை மூடினாள்.

அதன்பின் வேலை வேறு இடங்களுக்குப் போயிற்று. தண்ணீர்க் குழாய், பஸ் டயர், டீசல் என்று வருஷங்கள் ஓடின. 1976இல் ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். முன்சீட்டிலிருந்து ஒரு குரல்.

“யம்மா! இங்க வா, குந்து!”

கன்னியம்மா. மடியில் ஐந்து வயதுப் பேத்தியை இழுத்துப் போட்டுக்கொண்டு இடம் கொடுத்தாள். மகன் பட்டறையில் ஃபோர்மேன் ஆனது, பேத்திக்குக் காது குத்தியது, மருமகள் சொல்பேச்சுக் கேளாதது என்று வழியெல்லாம் பேசினாள். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கலாமா என்று ஞானசௌந்தரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. எரியாமல் இருந்திருந்தால் இவளே முதலில் சொல்லியிருப்பாள் என்று தோன்றவே விட்டுவிட்டாள்.

“ஆமா, நீ எந்த இஸ்கூல்ல டீச்சரு? அன்னிக்கு எங்க தெருவாண்ட வந்து கணக்கு எடுத்தியே” என்றாள் கன்னியம்மா.

“கொரட்டூர்ல இருக்கேன்” என்றாள் ஞானசௌந்தரி.

பேத்தி அவள் குடையைப் பிடுங்கி விரிக்கப் பார்த்தது. இருவருமாகச் சேர்ந்து அதைத் தடுத்தார்கள்.